கீசர், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் உப்புப் பிடிக்கிறது: வீடு முழுக்க சாஃப்ட்னர் போடுவதா, வேறு வழி உண்டா?

சூலூர்க்காரன்

வணக்கம். கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூர் பக்கம் சொந்த வீடு. குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் வருகிறது. அது தினமும் வராது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். எங்கள் பக்கம் சப்பத்தண்ணி என்போம்.

மாடியில் 25 லிட்டர் கீசர். காயில் மறுபடியும் போய்விட்டது. சர்வீஸ் செய்ய வந்தவர் ஃபிளாஞ்சைக் கழற்றி இழுத்தார். காயில் இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஒரு கட்டிதான் வந்தது. ஸ்பேனரால் தட்டினால் ஓடு ஓடாக உதிர்கிறது. உள்ளே காயிலின் மேல்குழாய் நீளவாக்கில் வெடித்திருந்தது. ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. வாஷிங் மெஷின் ஃப்ரண்ட் லோடு, தண்ணீர் எடுக்கவே நேரமாகிறது. துண்டெல்லாம் காய்ந்தபின் அட்டை மாதிரி விறைக்கிறது.

ஒரு கம்பெனியின் விற்பனையாளர் வீட்டுக்கு வந்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) மீட்டரைப் போட்டு 1150 காட்டினார். வீடு முழுக்க சாஃப்ட்னர் (உப்பைப் பயன்படுத்திக் கடின நீரை மென்மையாக்கும் கருவி) போட்டே ஆகவேண்டும் என்கிறார். இன்னொருவர் பைப்பில் காந்தம் மாட்டினால் போதும், உப்பே வேண்டாம் என்கிறார். கீசரை மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரைச் சரிசெய்ய நினைக்கிறேன். இதில் இறங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மெக்கானிக்_ஈரோடு

கீசர் சர்வீஸ்தான் என் தொழில். பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் போர் தண்ணீர் இருக்கும் வீடுகளில் நீங்கள் சொன்ன அதே கட்டியைத்தான் எடுத்துப் போடுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கீசரில் வெப்பத் திருகை எதில் வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அதைக் கடைசி வரை திருகி வைத்திருப்பார்கள். 70, 75 டிகிரி வரை கொதிக்கவிட்டு, அப்புறம் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிப்பார்கள். இந்தத் தண்ணீருக்கு அதுதான் எமன். சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு இறங்கும். 50, 55இல் வைத்தால் படிவது நன்றாகவே குறையும். குளிக்க அதுவே தாராளம்.

அப்புறம் ஆனோடு கம்பி. டேங்கின் உள்ளே மெக்னீசியத்தில் ஒரு தடி இருக்கும். டேங்கு அரிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரைந்து நடுவில் உள்ள இரும்புக் கம்பி மட்டும் தெரியும். அந்த நிலைக்கு வந்தபின் டேங்கில்தான் அரிப்பு ஆரம்பிக்கும். வருடம் ஒரு தடவை திறந்து, அடியில் சேர்ந்த சுண்ணாம்பை அள்ளி, காயிலைத் தட்டிச் சுத்தம் செய்து, தடியைப் பார்க்க வேண்டும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே மாட்டினால் ஒழுகும்.

அம்மாப்பேட்டை_வீடு (சேலம்)

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். போர் தண்ணீரில் துவரம்பருப்பு போட்டால் எத்தனை விசில் வைத்தாலும் முழுசு முழுசாக நிற்கும். நல்ல தண்ணீரில் போட்டால் மூன்று விசிலில் மசியும். கீசரில் உப்புப் படிந்தால் கரண்ட் பில்லும் ஏறுமாமே? எங்களுக்கு இந்தத் தடவை பில் அதிகம் வந்திருக்கிறது.

வேதியியல்_டீச்சர்

பருப்பு வேகாததற்குக் காரணம் அதே கால்சியம்தான் அக்கா. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு கால்சியம் சேர்ந்து இறுக்கிவிடுகிறது. கொதித்தாலும் பிரியாது.

கரண்ட் பில் விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். கீசரில் காயில் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கிறது. அதிலிருந்து வரும் சூடு வேறெங்கும் போக வழியில்லை. மெதுவாகவாவது தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். 25 லிட்டரை 30 டிகிரி ஏற்றக் கிட்டத்தட்ட 0.9 யூனிட் வேண்டும். உப்புப் படிந்தாலும் படியாவிட்டாலும் அது மாறாது. பில் ஏறியதற்கு வேறு காரணம் தேடுங்கள்.

கெடுதல் வேறு இடத்தில் நடக்கிறது. சுண்ணாம்புப் படிவு சூட்டைக் கடத்துவது செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. காயிலில் உண்டாகும் சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே ஏறுகிறது. தண்ணீர் 60 டிகிரி இருக்கும்போது காயிலின் தோல் அதைவிடப் பல மடங்கு சூடாகிவிடும். அதனால்தான் சூலூர்க்காரர் வீட்டில் நீளவாக்கில் வெடித்திருக்கிறது. நீங்கள் பணம் இழப்பது காயிலிலும் டேங்கிலும்தான். கேஸ் கீசர், பாய்லர் என்றால் கணக்கு வேறு. அங்கே நெருப்பு வெளியே இருக்கிறது, படிவு தடுத்தால் சூடு புகைக்குழாய் வழியாகப் போய்விடும். எரிபொருள் வீணாவது அங்கேதான்.

மெக்கானிக்_ஈரோடு

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது உயிர் விஷயம். காயில் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கும். குழாய் வெடித்தால் அந்தப் பொடிக்குள் தண்ணீர் இறங்கி, கரண்ட் கீசர் பாடிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வரும். எர்த் சரியாக இருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருந்தால் உடனே ட்ரிப் ஆகும். கீசர் போட்டதும் ட்ரிப் ஆகிறதென்று அதை பைபாஸ் செய்யச் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். ட்ரிப் ஆனால் காயிலைப் பாருங்கள்.

சேஃப்டி வால்வையும் கவனியுங்கள். அதிகப்படி அழுத்தத்தை வெளியேவிடும் வால்வு அது. அதிலும் சுண்ணாம்பு பிடித்து இறுகிப்போகும். சின்ன லீவர் இருந்தால் அவ்வப்போது தூக்கிவிட்டுத் தண்ணீர் வருகிறதா பார்க்க வேண்டும். சொட்டுகிறதென்று அதற்கு மூடி போட்டவர்கள் உண்டு. அது கீசரை வெடிகுண்டாக்கும் வேலை.

ஓஎம்ஆர்_குடியிருப்பு

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் போர், லாரி, மெட்ரோ வாட்டர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. பெரிய சாஃப்ட்னர் இருக்கிறது, இருந்தும் பல வீடுகளில் ஷவர் அடைக்கிறது என்று புகார் வந்தது. விசாரித்தால் ஆளில்லாத நாட்களில் யாரும் உப்புப் போட்டு ரீஜெனரேஷன் (நிறைந்துபோன ரெசினை உப்பு நீரால் கழுவி மறுபடி தயாராக்குவது) செய்வதில்லை. தண்ணீர், உள்ளே கால்சியத்தைப் பிடிக்கும் ரெசின் மணிகள் வழியாகச் சும்மா ஓடி, போனமாதிரியே வெளியே வந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு ஹார்ட்னஸ் கிட் (கடினத்தன்மையை, அதாவது கால்சியம், மெக்னீசியம் அளவைக் காட்டும் சோதனைப் பெட்டி) வாங்கி, தினமும் காலையில் சாஃப்ட்னரின் வெளிவாயில் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். நோட்டில் எண் ஏறினால் அன்றைக்கே ரீஜெனரேஷன்.

சூலூர்க்காரருக்கு என் கேள்வி: டிடிஎஸ் 1150 சரி, ஹார்ட்னஸ் எவ்வளவு? விற்பனையாளர் அதை அளந்தாரா?

சூலூர்க்காரன்

இல்லை, டிடிஎஸ் மட்டும்தான். இரண்டும் ஒன்றில்லையா?

வேதியியல்_டீச்சர்

ஒன்றே இல்லை. இந்த இழையில் வேறெதைத் தவறவிட்டாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்த மொத்த உப்பை உத்தேசமாகச் சொல்கிறது. அது சாதாரண சமையல் உப்பா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. கடலோர ஊரில் டிடிஎஸ் 1500 இருந்தும் கடினத்தன்மை குறைவாக இருக்கலாம். வாய் கரிக்கும், ஆனால் கீசரில் அவ்வளவாகக் கட்டி படியாது. மாறாக டிடிஎஸ் 700 மட்டுமே இருந்து, அதில் பெரும்பகுதி கால்சியம் பைகார்பனேட்டாக இருந்தால் காயில் கட்டிபோல ஆகிவிடும். கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் முக்கியம் கடினத்தன்மை. அதிலும் குறிப்பாக பைகார்பனேட்டோடு சேர்ந்திருக்கும் தற்காலிகக் கடினத்தன்மை.

சூடு பட்டால் பைகார்பனேட் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய், கரையாத கால்சியம் கார்பனேட் படியும். சர்க்கரை, உப்பு மாதிரி இல்லை. கால்சியம் கார்பனேட் சூட்டில் இன்னும் குறைவாகத்தான் கரையும். எனவே தண்ணீர் எங்கே அதிகம் சூடாகிறதோ அங்கேதான், அதாவது காயிலின் மேலேயே, அது போய் ஒட்டுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 600 வரை விடலாம். டிடிஎஸ்ஸுக்கு அதே தரத்தில் 500, 2000. இவை குடிக்க. கீசருக்கு 200ஏ அதிகம்தான்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், காரத்தன்மை, இரும்பு நான்கையும் கேளுங்கள். அவசரத்துக்குச் சொட்டு எண்ணும் கிட் போதும். தண்ணீரில் பொடியைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலமாக மாறும் சொட்டை எண்ண வேண்டும். சிவப்பு ஊதாவாகி, கடைசிச் சொட்டில் தெளிந்த நீலத்துக்குத் திரும்புவது நன்றாகத் தெரியும். என் மாணவர்கள் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து இதைச் செய்வார்கள்.

நொய்யல்_ஓரம் (திருப்பூர்)

விற்பனையாளர்கள் இரண்டு கம்பிகள் கொண்ட ஒரு கருவியை டம்ளரில் விட்டுக் கரண்ட் கொடுத்து, தண்ணீர் பழுப்பும் பச்சையுமாக மாறுவதைக் காட்டுவார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள் டீச்சர். என் மாமியார் அதைப் பார்த்துப் பயந்து, ஆர்ஓவே வேண்டும் என்று அட்டகாசம் பண்ணிவிட்டார்.

வேதியியல்_டீச்சர்

அந்த அழுக்கு தண்ணீரிலிருந்து வந்ததில்லை. கம்பியின் இரும்பும் அலுமினியமும் கரைந்து வருவது அது. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் ஓடும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் கரண்ட் ஓடாது, தெளிவாகவே நிற்கும். நல்ல ஊற்றுத் தண்ணீரை வைத்தாலும் பழுப்பாகும். தண்ணீர் கெட்டதா நல்லதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாமியார் முன்னால் ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கருவியை விடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

வலிகாமம்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட குடாநாட்டில் ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் கிணற்று நீர்தான். மழை நீர் கல்லினூடாக இறங்கும்போதே கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மின் கேத்தலில் ஒரு வெள்ளை ஓடு எப்போதும் இருக்கும். தேத்தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை கட்டும்.

கேத்தலுக்கு நாங்கள் செய்வது தேசிக்காய் (எலுமிச்சை) வைத்தியம்தான். பாதித் தேசிக்காயைப் பிழிந்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு ஆறவிட்டால் ஓடு நுரைத்துக் கழன்று வரும். ஆனால் பெரிய வாட்டர் ஹீட்டருக்கு அது எப்படிச் சாத்தியம்? இந்தத் தண்ணீரைக் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்றும் ஊரில் சொல்கிறார்கள்.

வேதியியல்_டீச்சர்

தேசிக்காய் வேலை செய்வதற்குக் காரணம் அதிலுள்ள சிட்ரிக் அமிலம். நுரையாக வருவது கார்பன் டை ஆக்சைடு. கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தூளாகவே கிடைக்கும். ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டுச் சூடாக்கினால் கெட்டில் தெளியும். ஷவர் தலையைக் கழற்றி அதே கரைசலில் இரவு முழுக்க ஊறப்போடலாம். குழாய் முனையில் உள்ள சல்லடையையும் அப்படியே.

கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். குரோம் பூச்சும் ஸ்டீலும் போய்விடும். அதை பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து. சிட்ரிக் அமிலத்தையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

சிறுநீரகக் கல் பற்றி: கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த அளவு எதையும் வைக்கவில்லை. கல் வந்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே முறை. யாழ்ப்பாணத்தில் நான் அதைவிட நைட்ரேட்டைச் சோதிக்கச் சொல்வேன். தோட்டத்து உரம் சுண்ணாம்புக் கல் வழியாகக் கிணற்றுக்குச் சுலபமாக இறங்கிவிடும். நைட்ரேட்டைக் கொதிக்கவைத்தாலும் போகாது.

மெக்கானிக்_ஈரோடு

பெரிய ஹீட்டருக்குள் அமிலம் விட நான் சொல்ல மாட்டேன். உள்பக்கக் கண்ணாடிப் பூச்சில் கீறல் இருந்தால் இரும்பைத் தின்றுவிடும். காயிலை வெளியே எடுத்து வாளியில் சிட்ரிக் கரைசலில் போட்டு எடுக்கலாம். டேங்கை மரக்கரண்டியால் சுரண்டிக் கழுவ வேண்டும். கத்தியை உள்ளே விடாதீர்கள்.

வாஷிங் மெஷின் தண்ணீர் மெதுவாக எடுக்கிறது என்றாரே, அதற்கு முதலில் பின்பக்கத்து இன்லெட் குழாயைக் கழற்றுங்கள். மெஷினோடு சேரும் இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை இருக்கும். மூக்குக் குறடால் மெதுவாக இழுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி மாட்டுங்கள். இவ்வளவுதான், இதற்கே சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறார்கள். கரண்டை எடுத்துவிட்டு, குழாயை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

அம்மாப்பேட்டை_வீடு (சேலம்)

துணி விறைப்பாவதற்கு என்ன வழி? பவுடரை அதிகம் போட்டால் சரியாகுமா?

வேதியியல்_டீச்சர்

கொஞ்சம் அதிகம் போடத்தான் வேண்டும், பாக்கெட்டிலேயே கடின நீருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். பார் சோப்பை இந்தத் தண்ணீரில் பயன்படுத்தாதீர்கள். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காகி, துணி இழைக்குள்ளேயே உட்காரும். வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாவதும் பக்கெட் ஓரம் வழுவழுவென்று வளையம் கட்டுவதும் அதனால்தான். டிடர்ஜென்ட் இந்தத் தொல்லையைக் குறைவாகவே தரும். கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்தால் துண்டு மெத்தென்று வரும். டாப் லோடு மெஷின்களில் பெரும்பாலும் ஹீட்டர் இல்லை, அதனால் பயம் குறைவு. ஃப்ரண்ட் லோடில் 60 டிகிரி வாஷ் போட்டுப் பழகினால் அதன் காயிலும் கீசர் காயில் போலத்தான். 30, 40 டிகிரியிலேயே துவையுங்கள்.

சூலூர்க்காரன்

ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. மொத்தக் கடினத்தன்மை 540, காரத்தன்மை 380, இரும்பு மிகக் குறைவு. மி.கி./லிட்டர் கணக்கு. இதற்கு எவ்வளவு பெரிய சாஃப்ட்னர் வேண்டும்? விற்பனையாளர் வீடு முழுக்க என்கிறார்.

வேதியியல்_டீச்சர்

இந்த எண்களை வைத்துப் பேசலாம். காரத்தன்மை என்பது இங்கே பெரும்பாலும் பைகார்பனேட்டின் அளவு. அது 380 என்றால், 540இல் 380 தற்காலிகம், சூட்டில் படியக்கூடியது. மீதி 160 நிரந்தரம், சல்பேட், குளோரைடோடு இருப்பது, காய்ச்சினாலும் போகாது. ஒரு நாளைக்கு 100 லிட்டர் கீசர் வழியாகப் போனால் 38 கிராம் சுண்ணாம்பு படிவதற்குத் தயாராக உள்ளே வருகிறது. கீசர் சூட்டில் முழுதும் படியாது. பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் வருடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். உங்கள் கட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

சாஃப்ட்னர் கணக்கு: ஒரு லிட்டர் ரெசின் தோராயமாக 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1250 கிராம். லிட்டருக்கு 540 மி.கி. உள்ள தண்ணீரில் அது சுமார் 2300 லிட்டருக்குத் தாங்கும். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 540 லிட்டர். நாலு நாளில் ரெசின் நிறைந்துவிடும், ஒவ்வொரு தடவையும் 3, 4 கிலோ உப்பு. கீசர், வாஷிங் மெஷின் இரண்டுக்கும் மட்டும் லைன் எடுத்தால் நாளைக்கு 200 லிட்டர் போதும். அதே சாஃப்ட்னர் பதினோரு நாள் வரும்.

டாய்லெட் ஃபிளஷ்ஷுக்கும் வாசல் தெளிக்கவும் மென்மையாக்கிய தண்ணீர் எதற்கு? சூடாகும் தண்ணீருக்கு மட்டும் செய்யுங்கள். வீடு முழுக்க என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓஎம்ஆர்_குடியிருப்பு

டீச்சர் சொன்னது சரி. காந்தம், எலெக்ட்ரானிக் கருவி பற்றியும் சொல்லிவிடுங்கள், எங்கள் அசோசியேஷனில் இது பெரிய சண்டை.

வேதியியல்_டீச்சர்

காந்தம் மாட்டியபின்னும் மாட்டுமுன்னும் ஹார்ட்னஸ் கிட்டில் அதே சொட்டு எண்ணிக்கைதான் வரும். கால்சியத்தை அது எடுப்பதில்லை. படிகத்தின் வடிவத்தை மாற்றி ஒட்டாமல் செய்கிறது என்பார்கள். சோதனைகளில் சில இடத்தில் பலன், பல இடத்தில் எதுவும் இல்லை. அதை நம்பி 540 உள்ள வீட்டில் புது கீசரை மாட்ட மாட்டேன். கீசருக்கு முன்னால் மாட்டும் பாலிபாஸ்பேட் கேட்ரிட்ஜ் வேறு வகை. அது கால்சியத்தைக் கட்டிவைத்துப் படிய விடாது, ஆனால் கடினத்தன்மையைக் குறைக்காது. அதிகச் சூட்டில் அதன் வேலை குறைந்துவிடும். தீர்ந்ததும் மாற்ற வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஒரு சின்ன ஏற்பாடு, அவ்வளவுதான்.

சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. அதனால் மீட்டரில் டிடிஎஸ் குறையாது. குறையவில்லையே என்று சண்டைக்குப் போகாதீர்கள். லிட்டருக்கு 100 மி.கி. கடினத்தன்மை போனால் 46 மி.கி. சோடியம் சேரும். உங்கள் 540க்கு கிட்டத்தட்ட 250 மி.கி. அதைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் வீட்டில் இருந்தால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

நொய்யல்_ஓரம் (திருப்பூர்)

சாஃப்ட்னர் போடுகிறவர்கள் அந்த உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பதே இல்லை. அது எனக்குப் பெரிய கவலை. ரீஜெனரேஷன் முடிந்து வெளியே வருவது கரித்துக் கொட்டும் உப்புக் கழிவு. அதை வீட்டுக் குழியில், தென்னை மரத்தடியில், மழைநீர் சேமிப்புக் குழியில் விட்டால் சில வருடத்தில் உங்கள் போர் இன்னும் கெடும்.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் விவசாயம் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவே வெளியே விடாத முறைக்கு மாறிய பின்தான் திறக்க விட்டார்கள். அதன் பக்கத்தில் ஒரு வீட்டின் மூன்று கிலோ உப்பு ஒன்றுமில்லைதான். ஆனால் தெருவுக்குத் தெரு வந்துவிட்டால் நிலத்தடியில் போய்ச் சேரும் கணக்கு பெரிது. பாதாளச் சாக்கடை இருந்தால் அதில் விடுங்கள். இல்லாதவர்கள் சாஃப்ட்னரையே இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி மொட்டை மாடியில் இருக்கிறது. மழைத் தண்ணீரில் கடினத்தன்மை கிட்டத்தட்டக் கிடையாது. 100 சதுர மீட்டர் மாடி, வருடத்துக்கு 600 மி.மீ. மழை, சிந்தியது சிதறியது போக 80 சதவீதம் என்று வைத்தால் 48,000 லிட்டர். கீசருக்கும் கடைசி அலசலுக்கும் எவ்வளவு வேண்டும் என்று நீங்களே பாருங்கள். 2003இல் அரசு மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலோர் குழி வெட்டி பூமிக்குள் விட்டதோடு நின்றுவிட்டோம். அதில் ஒரு பங்கைத் தனி சம்ப்பில் பிடித்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகை குளிருக்கு கீசர் ஓடும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணல் வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கு எடுங்கள்.

சூலூர்க்காரன்

சரி, முடிவு இதுதான். வீடு முழுக்கப் போடப்போவதில்லை. கீழே காலியாகக் கிடக்கும் 5000 லிட்டர் சம்ப்பை மழைத் தண்ணீருக்கு எடுத்து, மாடியில் சின்ன டேங்க் வைத்து கீசருக்கும் மெஷினுக்கும் மட்டும் தனி லைன். மழை இல்லாத மாதங்களுக்குச் சின்ன சாஃப்ட்னர் அதே லைனில். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை, உப்புக் கழிவை எங்கே விடுவதென்றுதான் இன்னும் யோசனை. அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, அதனால் சமையலறைக் குழாய் பஞ்சாயத்துத் தண்ணீரிலேயே இருக்கும். மெஷின் சல்லடையை எடுத்துத் தேய்த்தேன், தண்ணீர் வேகமாக வருகிறது.

நொய்யல்_ஓரம் (திருப்பூர்)

கழிவுக்கு ஒரு யோசனை. அளவு குறைவுதான், அதனால் ஒரு மூடியில்லாத அகலமான சிமென்ட் தொட்டியில் விட்டு வெயிலில் ஆவியாகவிடுங்கள், மாசியிலிருந்து சித்திரை வரை நன்றாகக் காயும். அடியில் சேரும் உப்பைச் சுரண்டி குப்பையோடு கொடுத்துவிடலாம், மண்ணில் இறங்காது. மழைக் காலத்தில் தொட்டி நிரம்பும். அப்போது உங்களிடம் மழைத் தண்ணீர் இருக்கும், சாஃப்ட்னரே ஓட வேண்டாம்.

புதுவீடு_திண்டுக்கல்

இழை முழுதும் படித்தேன். எங்கள் போரில் பக்கெட்டில் பிடித்து வைத்தால் சற்று நேரத்தில் சிவப்பாக மண்டி இறங்குகிறது. இதற்கும் சாஃப்ட்னர் போதுமா? மாடியில் சோலார் ஹீட்டர் வைக்கவும் நினைக்கிறோம்.

மெக்கானிக்_ஈரோடு

சிவப்பு மண்டி இரும்பு. அதை நேராக சாஃப்ட்னருக்கு விட்டால் ரெசின் மேல் பூசிக்கொண்டு கெட்டுவிடும், உப்புப் போட்டாலும் திரும்பாது. முதலில் தண்ணீரைக் காற்றுப் படும்படி டேங்கில் சிதறவிட்டு, இரும்பு வடிகட்டி வழியாக எடுத்து, அதன்பின்தான் சாஃப்ட்னர். அறிக்கையில் இரும்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சோலாரில் செம்புக் குழாய் வைத்த தட்டை வகையை இந்தத் தண்ணீருக்கு நேராக எடுக்காதீர்கள். மெல்லிய குழாய்க்குள் சுண்ணாம்பு அடைத்துவிடும். அந்த வகைதான் வேண்டும் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதைக் கேளுங்கள், அதில் சூடாகும் நீர் தனிச் சுற்றில் ஓடும். கண்ணாடிக் குழாய் வகை பரவாயில்லை. குழாயின் அடியில் வண்டல் சேரும், வருடம் ஒரு தடவை கழற்றிக் கழுவலாம். மதிய வெயிலில் கழற்றாதீர்கள், கொதிக்கும் தண்ணீர் மேலே கொட்டும். அதிகாலையில் செய்யுங்கள்.